அடி தெரியக் குடித்த சூப்

வயிறு உப்பி விண் விண்ணென்று வலித்தது. இரண்டு நாளாக இரண்டு ஆள் சாப்பாட்டை நான் ஒருவனே தின்றுகொண்டிருந்தேன். தசாய்ஃபு கோயில் தெருவில் பயறு வைத்துச் சுட்ட மோச்சி அரிசி அப்பம், ரயிலடியில் தடித்த உடோன் நூடுல்ஸ், ஆற்றங்கரைக் கடையில் சுட்ட கோழித்தோல். எதிலும் குஜி அண்ணன் ஒரு கடிதான் கடிப்பார். "நனைஞ்ச காகித அட்டைடா" என்று மீதியை என் பக்கம் தள்ளுவார். எறிய எனக்கு மனம் வராது.

ஜப்பானின் வடகோடியில், ஹச்சினோஹே மீன் துறையில் பதினெட்டு வருஷம் ஒன்றாகப் பெட்டி இறக்கியவர்கள் நாங்கள். போன கோடையில் அவருக்குத் தொண்டையில் கட்டி. கரண்ட் வைத்துக் கரைத்தார்கள்; நாக்கில் ருசியும் சேர்ந்து செத்தது. எண்பது கிலோ ஆள் ஐம்பத்தொன்றுக்கு வந்துவிட்டார். ஏப்ரல் கடைசிக்குள் எடை ஏறாவிட்டால் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் என்றார் டாக்டர்.

"குழாய்ல ஊத்த நான் என்ன டீசல் இஞ்சினா" என்றவர், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. லீவு போட்டு, பழகாத தெற்கத்தி ஊர்ச் சாப்பாட்டுக்கு இழுத்து வந்தது நான்தான்.

மூன்றாம் நாள் காலை. ஃபுகுவோகா மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு ராமென் நூடுல்ஸ் கடை. ரப்பர் பூட்ஸ் ஆட்கள் தோள் இடித்து உட்கார்ந்திருந்தார்கள். பன்றி எலும்பு கொதிக்கும் நாற்றம் வாசலிலேயே அடித்தது.

"நம்ம ஐஸ் கிடங்கு பின்பக்கம் மாதிரி நாறுது" என்றார் அண்ணன்.

"போயிரலாமாண்ணே?"

"உக்காருடா."

ஒரே ஒரு கிண்ணம் சொன்னேன். அவர் சாப்பிடுவதைப் பார்க்கப் பயந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், நூடுல்ஸ் தீர்ந்து, கிண்ணத்தை இரு கையாலும் தூக்கிச் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். அடி தெரிந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை.

"உப்பு தெரியுதுடா."

பக்கத்து ஆள் மறு நூடுல்ஸ் கேட்டான். அண்ணனும் நூறு யென் காசை வைத்தார். "எனக்கும்."

கடைக்கார அக்கா வெந்த நூடுல்ஸோடு வந்து கிண்ணத்தைப் பார்த்தாள். "சூப்பு எங்க?"

"குடிச்சிட்டேன்."

"எல்லாத்தையும் குடிச்சிட்டு மறு நூடுல்ஸ் கேட்டா எதுல போட? உன் தொப்பியிலயா?"

வரிசையே சிரித்தது. எங்கள் குளிரில் சூப்பை மிச்சம் வைக்க மாட்டோம். இங்கே மிச்சம் வைத்தால்தான் இரண்டாவது நூடுல்ஸ். அண்ணனுக்குக் காது சிவந்தது. குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். போச்சு என்று நினைத்தேன்.

"அக்கா, இவரு எட்டு மாசமா சரியா சாப்பிடல. கொஞ்சம் ஊத்துங்க, காசு தர்றேன்."

அவள் அண்ணனின் கழுத்தில் கருகிய தோலைப் பார்த்தாள். "சூப்பு மட்டும் விக்கிறதில்ல. கடனா வேணா ஊத்துறேன். எந்த ஊரு?"

"ஹச்சினோஹே."

"கானாங்கெளுத்தி ஊரு. ரெண்டு மீன் அனுப்பிடு." இரண்டு கரண்டி ஊற்றினாள்.

அண்ணன் குச்சியை எடுத்தார். முகம் சுளித்து விழுங்கினார். மறுபடி எடுத்தார்.

"இப்ப அனுப்புனா முள்ளுதான் அக்கா. அக்டோபர்ல கொழுப்பு ஏறும். நானே பெட்டி இறக்கி அனுப்புறேன்" என்றார் அண்ணன்.

"அக்டோபர்னா அக்டோபர். வரலன்னா உங்க ஊருக்கே வந்து கத்துவேன்."

கிண்ணத்தில் பாதி இருந்தது. பழக்கத்தில் கையை நீட்டினேன். தட்டிவிட்டார்.

இப்போது ஜூன். ஐம்பத்து நாலு கிலோ, குழாய் இல்லை. அந்த அக்காவுக்கு இரண்டு கானாங்கெளுத்தி பாக்கி.