தண்ணீர் குடியா ஒருசந்தி

...பிரசங்கத்தில் இன்னும் கானாவூரிலேயே நிற்கிறார் ஆன்ஸ்லின் ஃபாதர், கல்யாண வீட்டில் ஆறு கல்ஜாடி நிறையத் தண்ணீர், அந்தச் சொல்லைக் கேட்டதுமே தங்கபாய்க்கு அடிவயிறு சுண்டி இழுத்தது, இப்போதுதானே போய்விட்டு வந்தேன், பூசை தொடங்குமுன் கோவிலுக்குப் பின்னாலுள்ள கக்கூசில் கால்மணி நேரம் குந்தியிருந்ததற்குச் சிவப்பாய் நாலு சொட்டு, அதற்கு இந்த எரிச்சலா... நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு மடக்கு குடிக்கவில்லை, குடித்தால்தானே வரும் என்று நினைத்தேன், பாழாய்ப்போன நினைப்பு. வீட்டுக்கு வந்து பார்த்துப்போகும் நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள், "தண்ணி கொறச்சா கடுப்பு கூடும்மா, ரெத்தம் கட்டியாயி அடைச்சிரும், கேட்டியளா?" எங்கே கேட்டேன், விசாரித்தவர்களிடமெல்லாம் மகள் கல்யாணத்துக்காகத் தண்ணீர்கூடக் குடிக்காத ஒருசந்தி என்று சொல்லிவைத்தேன், "பெத்தவன்னா இவளாக்கும், மகளுக்கு வேண்டி பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கா" என்று பக்கத்துவீட்டுக்காரி தெருவெல்லாம் பரப்பிவிட்டாள், கோவிலுக்குள் உட்கார்ந்து பொய் விரதத்துக்குப் பேர் வாங்குகிறேனே, மாதாவே, பொறுத்துக்கொள்... கர்ப்பப்பையில் இருந்த புற்று மூத்திரப்பைக்கும் வந்துவிட்டது, டாக்டருக்கும் நர்சுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், மகள் ஜினிஷாவிடம் நீர்க்கடுப்பு என்றேன், உடம்புச்சூடு என்றேன். தெரிந்தால் போவாளா? மாப்பிள்ளை ஜெரிஷுக்கு லீவு இன்னும் பத்து நாள்தான், இவளையும் ஷார்ஜாவுக்குக் கூட்டிப்போக விசா வந்தாயிற்று, தெரிந்தால் கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டு என் கட்டிலடியில் உட்கார்ந்துவிடுவாள்... பத்தே நாள் ஒப்பேற்றிவிட்டால் போதும், பிறகு நான் எப்படியும் நாறிக்கொள்கிறேன்.

எல்லோரும் எழுந்தார்கள், தாலி கட்டும் நேரம், பெற்றவள் எழாமல் இருக்க முடியுமா, பெஞ்சைப் பிடித்து எழுந்தாள், அவ்வளவுதான், அடக்கியதெல்லாம் அறுத்துக்கொண்டு இறங்கியது, ரத்தக் கட்டியும் சூடுமாய், உள்ளே வைத்திருந்த பஞ்சுப்பேடு எந்த மூலைக்கு, தொடை நனைந்து முழங்கால்வரை... ஐயோ, பின்னால் ஊரே நிற்கிறது. குனிந்து பார்த்தாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை, பட்டின் அரக்கு நிறம் அத்தனையையும் உள்ளே வாங்கிக்கொண்டது. இந்தப் பட்டு... மார்த்தாண்டத்து ஜவுளிக்கடையில் ஆசையாய் எடுத்த இளநீலத்தை ஜினிஷா வெடுக்கென்று வாங்கித் தள்ளிவைத்தாளே, "அரக்கு போரும்மா, நான் சொன்னா கேளுங்க" என்றாளே, முகத்தைப் பார்க்காமல், அன்றைக்கு என்ன பிடிவாதமடி உனக்கு என்று ஏசினேனே... அப்போதே தெரியுமா இவளுக்கு? தெரிந்துமா போகிறாள்? போகட்டும் என்றுதானே இத்தனையும் செய்தேன், பிறகு ஏன் நெஞ்சு இப்படி வலிக்கிறது... ஜெரிஷ் தாலியை எடுத்தான், மகள் தலைகுனிந்து நின்றாள், ஒருமுறைகூட அம்மா பக்கம் திரும்பவில்லை.