சிலேட்டைத் தூக்கு

கன்னிகா டீச்சர் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது டீச்சர்" என்று கூரை அதிரும். ஆந்திராவில் நாராயணவனத்துப் பக்கம் ஒரு பள்ளியில், தமிழ்ப் பிரிவுக்கு அந்தச் சத்தத்தை நம்பித்தான் இத்தனை வருடம் கணக்கு நடத்தினாள். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பாலசுப்பிரமணியன் ஒருநாள் வந்து, சங்கராந்திக்குள் மகள் ஹர்ஷினிக்குக் கணக்கு வராவிட்டால் டி.சி. வாங்கிச் சித்தூர் ஹாஸ்டலில் சேர்த்துவிடுவேன் என்றார். டீச்சருக்குச் சுருக்கென்றது. சத்தம் போடுவதில் முதல் ஆளே ஹர்ஷினிதான். வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று அவள் அழுததைப் பார்க்கவும் முடியவில்லை.

மாதா மாதம் திருப்பதியில் ஆசிரியர் பயிற்சி உண்டு. டீ குடித்துவிட்டு வரத்தான் அது என்று கேலி பேசுகிறவள் கன்னிகா. இந்த முறை சந்தியா என்கிற சின்னப் பெண் பயிற்சி கொடுத்தாள். தெலுங்கில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டி "அர்த்தமய்யிந்தா?", புரிந்ததா என்றாள். "அய்யிந்தி மேடம்" என்று டீச்சர்கள் அத்தனை பேரும் கோரஸ் பாடினார்கள். உடனே சிலேட்டைக் கொடுத்து, அதேபோல் ஒரு கணக்கின் விடையை எழுதித் தூக்கச் சொன்னாள். பாதிப் பேர் தப்பு. கன்னிகாவும் தப்பு. மானம் போனாலும் விஷயம் பிடிபட்டது.

திங்கட்கிழமை, அரையோடு கால் பங்கைக் கூட்டச் சொல்லி, வகுப்பில் சிலேட்டைத் தூக்க வைத்தாள். முக்கால் வரவேண்டிய இடத்தில், எங்கு பார்த்தாலும் ஆறில் இரண்டு. ஹர்ஷினி சிலேட்டிலும் அதே.

அடுத்த பயிற்சியில் அதை ஒளிக்காமல் சொன்னாள். திருத்துவதற்கு முன்னால், ஏன் அப்படி எழுதினாய் என்று பிள்ளையையே கேளுங்கள் என்றாள் சந்தியா. வகுப்புக்குத் திரும்பியதும் கன்னிகா ஹர்ஷினியைக் கேட்டாள்.

"மேலயும் மேலயும், கீழயும் கீழயும் சேத்தேன். பெருக்கலுக்கு நீங்க அப்டித்தான சொல்லிக்கினு இருந்தீங்க" என்றாள் ஹர்ஷினி.

நியாயமான பதில். கன்னிகா விதிகளை மூட்டை கட்டிவைத்துவிட்டு, காகிதத்தை மடிக்கச் சொன்னாள். ஒரு அரைக்குள் இரண்டு கால் இருப்பதை ஹர்ஷினி தானே மடித்துக் கண்டுபிடித்தாள். வகுப்பு குப்பைக்காடானது. தினமும் சிலேட்டுகள் உயர்ந்தன. சத்தம் குறையக் குறைய, சரியான விடைகள் கூடின.

சங்கராந்திக்கு முன்னால் அப்பா வந்தார். டீச்சர் பரிந்து பேசவில்லை, மகளைக் கூப்பிட்டுவிட்டாள்.

"கணக்கு புரியுதாம்மா?" என்றார் அவர்.

"அப்டி கேக்காத நைனா. ஒரு கணக்கு குடு."

மூன்றில் ஒன்றையும் காலையும் கூட்டச் சொன்னார். பன்னிரண்டில் ஏழு என்று எழுதித் தூக்கினாள். அது சரியா என்று அவருக்குத் தெரியவில்லை, டீச்சரைப் பார்த்தார்.

"டீச்சர ஏன் பாக்குற? இங்க வா, காட்றேன்" என்று ஹர்ஷினி ஒரு காகிதத்தை மடித்தாள். அப்பா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். டி.சி. பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.