தன் பேரில் ஓர் அட்டை

...எழுபது வயசு முடிந்தால் போதும், இருக்கிறவர் இல்லாதவர் என்று பார்ப்பதில்லை, அவரவர் பேரிலேயே காப்பீட்டு அட்டை என்று பக்கத்து வீட்டு மணியம்மாள் சொன்னதிலிருந்து செல்வாம்பாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை, மூலக்குளத்தில் பஸ் ஏறியதும் தெரியவில்லை, சாரத்தில் இறங்கியதும் தெரியவில்லை, இதோ சேவை மையத்து நாற்காலியில் ஆதாரை இறுக்கிப் பிடித்தபடி... முன்னால் இன்னும் இரண்டே பேர். பரீட்சைக்கு வந்தவள் மாதிரி எதற்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொள்கிறது? தனியாக எந்த ஆபீஸ் படியாவது ஏறியிருக்கிறாளா இதுவரை? தபால் ஆபீஸில் ரிட்டையரான கமலக்கண்ணனின் சென்ட்ரல் கவர்மென்ட் அட்டையில் அவளும் இருக்கிறாள், மனைவி என்று. நல்ல அட்டைதான், மாதாமாதம் மாத்திரை வருகிறது, புது அட்டை ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்தால்தான் செல்லுமாம், மாத்திரைக்குச் செல்லாதாம், இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியுமாம். இருக்கறத உட்டுட்டு எதுக்கு அலையற என்றார் காலையில், கோபமில்லாமல்தான். ஆனால் அந்த அட்டை அவர் சட்டைப் பையில் அல்லவா இருக்கிறது, டாக்டர் அறைக்குள் அவர்தான் முதலில் நுழைவார், இவளுக்கு முட்டி வலி சார் என்று அவரே சொல்வார், அவள் தலையாட்டுவாள்... இரண்டு மாதமாக இடது மார்பில் உருளுகிற கட்டியை அங்கே எப்படிச் சொல்வது? இந்த அட்டை இருந்தால் அவளே போகலாம், கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு, தனியாக. நினைக்கவே சிரிப்பு வந்தது, பயத்திலும்கூட.

அவள் முறை வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் அன்புசெல்வி நிமிர்ந்து பார்த்து, “பழச உட்டுட்டு புதுசுதானம்மா? நல்லா யோசிச்சிட்டீங்களா?” என்றாள். புதுசுதான் என்று சொன்ன குரல் தன்னுடையதா என்று இருந்தது, விரலை வைத்தாள், ரேகை விழவில்லை, புடவையில் துடைத்து மறுபடி அழுத்தினாள், விழுந்துவிட்டது, திரையில் அவள் பேர், அவள் பேர் மட்டும். “ஒடனே வைத்தியம் எதனா பாக்கணுமாம்மா?” முட்டி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“மார்ல ஒரு கட்டிம்மா.”

அன்புசெல்வி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், நாளைக்கே போய்க் காட்டிடுங்கம்மா என்றாள், செல்வாம்பாள் சரி சரி என்று தலையாட்டினாள், அழுகை வரும் என்று பார்த்தால் வரவில்லை, உடம்பே லேசாகிவிட்டது... இவ்வளவுதானா, ஒரு வரிதானா, முன்பின் தெரியாத பெண்ணிடம் இத்தனை சுலபமாக வந்துவிட்டதே, அப்படியென்றால் இத்தனை வருஷமும் அவர்தான் பேச விடவில்லையா, இல்லை, பேசுகிற வேலையை அவரிடம் விட்டுவிட்டுச் சும்மா இருந்தது இவள்தானா?