உம்மடை, உம்மட்டை

கிறகரி சேரின் ஆய்வுக் குழுவில் சேர்ந்த முதல் வாரமே நிரோஜா அவருக்கு இதை யாழ்ப்பாணத் தமிழை வைத்து விளங்கப்படுத்தினாள். ஐஸ்லாந்து மொழியும் ஃபாரோத் தீவு மொழியும் கூடப்பிறந்தவை. 'நிரோஜாவின் புத்தகம்' என்று சொல்ல ஐஸ்லாந்துக்காரர் பெயரின் வாலை மாற்றுவார்கள், நாங்கள் 'இன்' சேர்ப்பதுபோல. ஃபாரோக்காரரின் பேச்சில் அந்த வேற்றுமை ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. 'ஹ்யா' என்று எழுதும் சிறுசொல்லைப் பெயருக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். அந்தச் சொல் ஐஸ்லாந்திலும் உண்டு, ஆனால் அங்கே பெரும்பாலும் 'இடத்தில்' என்றுதான் பொருள். ஃபாரோவில் 'உம்மடை', அதாவது உம்முடைய; ஐஸ்லாந்தில் 'உம்மட்டை', அதாவது உம்மிடம்.

இருபது வருடம் ஐஸ்லாந்து மொழி படிப்பித்தவருக்கு அது புதிது. "இதைக் கட்டுரையா எழுதும்" என்றார்.

இரண்டு வருடமாக ஃபாரோத் தீவில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு நிரோஜா நானூறு வாக்கியங்கள் சேர்த்தாள். கட்டுரை அவள் பெயரில் வந்தால் முனைவர் படிப்புக்கு உதவித்தொகை கிடைப்பது சுலபம். வாக்கியங்களைச் சேர்த்தது யார் என்று கட்டுரையை வெளியிடவிருந்த சஞ்சிகை கேட்டபோது, ஆசிரியை தன் மொழியிலேயே ஒரு வரி எழுதி அனுப்பினார்: உதாரணங்கள் 'ஹ்யா' நிரோஜா. அதை மொழிபெயர்த்துக் கொடுத்தவர் கிறகரி.

2006 மார்ச்சில் கட்டுரை அவர் பெயரில் மட்டும் வந்தது. உதாரணங்களைப் பத்திரமாக வைத்திருந்ததற்காக நிரோஜாவுக்கு அடிக்குறிப்பில் நன்றி.

மொன்றியல் டவுன்டவுனில் இருந்த அவருடைய அறைக்குப் போனாள்.

"சேர், அந்த ரீச்சர் எழுதினது நிரோஜான்ரை உதாரணங்கள் எண்டு. நீங்கள் நிரோஜாவட்டை இருக்கிற உதாரணங்கள் எண்டு மாத்திப்போட்டியள்."

"உம்மட்டைத்தானே இருந்தது? எனக்கு ஐஸ்லாந்துக் கண், பிள்ளை. பழகினமாதிரித்தான் வாசிக்கும்." சிரித்தார். "வழக்கு வைக்கப்போறீரோ? மொன்றியலிலை இதுக்குத் தீர்ப்புச் சொல்ல நீரும் நானும்தான் இருக்கிறம்."

அவள் சஞ்சிகையின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். ஐஸ்லாந்து மொழி தெரிந்தவர்கள் இந்தச் சொல்லில் வழுக்கி விழுவார்கள், கவனம் என்று அங்கே அவரே எச்சரித்திருந்தார். அவள் சொன்ன தமிழ் உதாரணம்கூட இருந்தது.

கிறகரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக, வரிவரியாக வாசித்தார்.

"தெளிவா வந்திருக்கு, என்ன?"

உதவித்தொகை விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். மேற்பார்வையாளரின் கையெழுத்து இல்லாமல் அதை வாங்கமாட்டார்கள். நிரோஜா சஞ்சிகையை மூடினாள். பைக்குள்ளிருந்து படிவத்தை எடுத்து, அவர் கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தை விரலால் காட்டினாள்.