சத்தம் போடத் தெரியாத பூனை

பூனை மறுபடியும் ஒரு பையனைக் கடித்துவிட்டாள். இன்னொரு தடவை கடித்தால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று மழலையர் பள்ளி டீச்சர் வாசலிலேயே சொல்லிவிட்டார். இரவெல்லாம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு, பாதித் தூக்கத்தில் எழுந்து மகளைக் கூட்டிப்போக வந்தவனுக்கு நிலைகொள்ளவில்லை.

"யாராவது பொம்மையப் பிடுங்கினா வாயத் தொறக்குறா சார், சத்தமே வரல. அப்புறம் பட்டுன்னு கடிச்சிடுறா. வீட்டுலயும் இப்படித்தானா?"

வீட்டிலும் அப்படித்தான். அதைத்தான் அவன் கிடங்கு முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தான். பகலில் அவன் தூங்க வேண்டுமென்று, தவழ்கிற வயதிலேயே உதட்டில் விரல் வைத்துப் பழக்கிய பிள்ளை. கதவிடுக்கில் விரல் நசுங்கியபோதுகூட வாயைப் பொத்திக்கொண்டு அழுதவள். பூனை என்ற பேரே அப்படி வந்ததுதான்.

மனைவி தையல் மெஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள். சத்தம் எழாமலிருக்க அதன் அடியிலும் பழைய போர்வை மடித்துக் கிடந்தது. பிள்ளை வாயை அடைக்க எனக்கென்ன வேண்டுதலா, தூக்கம் கெட்டால் வண்டியை எதிலாவது கொண்டுபோய் முட்டுவீர்களே என்றாள். பொய்யில்லை. ஒருமுறை முட்டியிருக்கிறான்.

அவன் தரையில் உட்கார்ந்து மகள் கையிலிருந்த சிவப்புக் காரைப் பிடுங்கினான். வாய் திறந்தது. சத்தமில்லை. கண் அவன் முழங்கைக்குப் போனது.

"கடிக்காத. கோவம்னா கத்து. குடுன்னு கேளு."

அவள் படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். "அப்பா தூங்குறாங்க," என்றாள், எதிரில் உட்கார்ந்திருந்த அவனிடமே, கிசுகிசுப்பாக.

அவனுக்கு எழுந்து எங்காவது போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை. "குடு" என்று அவனே கத்திக் காட்டினான். மெஷின் நின்றது. மாடி வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். அவன் விடவில்லை, காரையும் கொடுக்கவில்லை. கடைசியில் துருப்பிடித்த கீல் போல ஒரு குரல் வந்தது.

"குடுடா."

"அப்பாவ டா போடுறா பாருங்க," என்றாள் மனைவி.

"போடட்டும்." காரைக் கொடுத்தான்.

மறுநாள் யாரையும் கடிக்கவில்லை என்றார் டீச்சர். காது கிழியக் கத்தினாளாம், பொம்மை திரும்பி வந்துவிட்டதாம். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும், விட்ட தூக்கத்தைப் பிடிக்கப் படுத்தான். கண் சொக்கும் நேரத்தில் கூடத்திலிருந்து "குடு" என்று ஓர் அலறல். கதவு வழியே பார்த்தால், மனைவியின் விரல் பழக்கத்தில் உதட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"விடு, கத்தட்டும்," என்றான்.

அவள் விரல் இறங்கியது. அவன் புரண்டு படுத்தான், மறுபடி புரண்டான். ராத்திரி கிடங்கில் வண்டி ஓட்ட வேண்டும். தூக்கம் வரவில்லை. பூனை இப்போது எதற்கென்றே இல்லாமல் கத்திக்கொண்டிருந்தாள்.