டிங்கி பட்டினி கிடந்த நாலு நாள்

மைசூரில் மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் அளவுக்கு நாய் வளர்க்கிறவர்கள் ஊருக்குப் போவதென்றால் முதலில் ரயில் டிக்கெட் வாங்க மாட்டார்கள். கிருஷ்ணமூர்த்திபுரத்துக்கு வந்து ஸரஸாம்மா வீட்டில் இடம் இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்த ஸரஸா நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. மேல்கோட்டையில் இருக்கும் என் நாத்தனார் பூமாவுக்குத்தான் என் பங்குக்கும் சேர்த்து வெட்கம். ஐயங்கார் வீட்டில் நாயா என்று, அவள் எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்து நாலு வருஷம் ஆகிறது.

சுதந்திரம் வந்த வருஷம் ஆரம்பித்தது இது. அடுத்த தெருவில் குடியிருந்த வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர், மூன்று மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று தன் டெரியரை எங்களிடம் விட்டுவிட்டுக் கப்பலேறினார். அவர் திரும்பவே இல்லை. நாய் எங்களோடு சுகமாக இருந்தது. அதைப் பார்த்து ஒருத்தர், அவரைப் பார்த்து இன்னொருத்தர் என்று ஐந்து வருஷத்தில் என் பின்கட்டில் எப்போதும் இரண்டு மூன்று நாய் இருக்கும்படி ஆகிவிட்டது.

எனக்கென்று சில சட்டங்கள் உண்டு. முழங்காலுக்கு மேல் உயரம் இருந்தால் வாசலோடு சரி. நாயோடு அதன் எஜமானர் உடுத்திய பழைய துணி ஒன்று, துவைக்காமல், வரவேண்டும். அதன் மேல் படுத்தால்தான் புது இடத்தில் நாய்க்குத் தூக்கம் வரும். காலையில் ஆறு மணிக்கு வேலைக்காரி மாரியம்மா நாய்களைத் தெருக்கோடி வரைக்கும் நடத்திக் கூட்டிப்போவாள். வந்ததும் காலைத் துடைத்து, ரோமத்தைச் சீவி, வெயிலில் உட்கார வைப்பாள். நான் அந்த நேரத்தில் மடியாகச் சமையலறையில் இருப்பேன், நாய்ப் பக்கம் போக மாட்டேன். பெருமாளுக்கு அமுது செய்விக்காமல் எங்கள் வீட்டில் யாரும் வாயில் ஒன்றும் போடக்கூடாது. இவர் குளித்து, பூஜை அறையான பெருமாள் உள்ளில் உட்கார்ந்து பாசுரம் சேவித்து, கதவைச் சாத்திவிட்டு வந்தால்தான் இலை. நாய்களுக்குத் தயிர்சாதம் அல்லது கேழ்வரகுக் கூழ். அதை மாரியம்மாவே பின்கட்டில் வைத்துவிடுவாள்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர், செலுவநாராயணன், சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. லீவு எடுக்காதவர், வெளியூர் போகாதவர். நாய்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பாசுரம் சேவிக்கும் குரல் இருக்கிறதே, பழைய மரக்கட்டிலை இழுப்பது போல இருக்கும். கல்யாணமான புதிதில் நான் சிரித்துவிட்டேன், அதிலிருந்து வீட்டுக்கு வெளியே அவர் வாயைத் திறந்து சேவித்ததில்லை.

மைசூரிலேயே யாதவகிரியில் இருக்கும் பொன்னவ்வா குடகுக்காரி, புருஷன் இல்லாதவர். காப்பி பறிப்பு சமயத்தில் மடிக்கேரிப் பக்கம் தோட்டத்துக்குப் போய்விடுவார். அங்கே சிறுத்தை இறங்கும், சின்ன நாயாகப் பார்த்துத் தூக்கிப் போகும். அதனால் தன் பொமரேனியன் டிங்கியை ஆறு வாரம் என்னிடம் விட்டார். வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தது. தட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், எஜமானி கெஞ்சி ஊட்டினால் இரண்டு வாய் தின்னும். ஆறு வாரம் கழித்து நான் திருப்பிக் கொடுத்தபோது பஞ்சு மூட்டை மாதிரி இருந்தது. எப்படி என்று பொன்னவ்வா கேட்டார். என் கைமணம் என்றேன். சத்தியமாக நான் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

நாலாம் நாள் அவர் வீட்டுக் கார் வந்து வாசலில் நின்றது. டிங்கி சாப்பிடுவதில்லையாம். கையில் கொடுத்தால் பிஸ்கட் துண்டு ஒன்றை வாங்கிக்கொள்கிறது, கிண்ணத்தில் வைத்ததைத் தொடுவதில்லை. கால்நடை டாக்டர் வந்து பார்த்து, நோய் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

இதற்குத்தானா இவ்வளவு அமர்க்களம் என்று நான் தூக்குப் பாத்திரத்தில் தயிர்சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து போனேன். டிங்கி என்னைப் பார்த்ததும் ஓடிவந்து காலைச் சுற்றியது, கையை நக்கியது. கிண்ணத்தில் சாதத்தை வைத்தேன். கிண்ணத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. என்னைப் பார்த்தது, சாதத்தைப் பார்த்தது, அவ்வளவுதான். அரை மணி நேரம் கொஞ்சினேன், அதட்டினேன், உருட்டி வாயருகே கொண்டுபோனேன். வாயைத் திறக்கவில்லை. நாலே நாளில் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது.

பொன்னவ்வா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நல்ல கன்னடத்தில், மெதுவாக, "என் நாயை நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். சித்திரையில் ஊட்டிக்குப் போகிற மூன்று குடும்பம் என்னிடம் நாயை விடுவதாக இருந்தது, மூன்று பேரும் அவருடைய கிளப்பைச் சேர்ந்தவர்கள். ஐந்து வருஷத்துப் பெயர் ஒரு வாரத்தில் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. அதைவிட, அந்த நாய் என்னைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடந்தது எனக்குத் தாங்கவில்லை. ஜட்கா வண்டியில் வரும்போது அழுதேன்.

மறுநாள் காலையில் சீக்கிரமே யாதவகிரிக்குப் போகவேண்டும் என்று, சமையலைப் பாதியில் விட்டுவிட்டு, மடி போனால் போகட்டும் என்று பின்கட்டுக்கு வந்தேன். அந்த நேரத்தில் அங்கே நான் வந்ததே இல்லை. மூன்று கிண்ணத்திலும் கூழ் நிறைந்திருந்தது. மூன்று நாயும் அதனதன் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து, எச்சில் ஒழுக, காதை வீட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே இவர் பாசுரக் கட்டிலை இழுத்துக்கொண்டிருந்தார். கடைசி அடி முடிந்தது, பெருமாள் உள் கதவு சாத்திக்கொண்டது. மூன்று தலையும் ஒரே சமயத்தில் கிண்ணத்துக்குள் போயின.

இது என்ன மாரியம்மா என்றேன்.

"சாமி சாப்பிடாம இந்த வீட்ல யாரும் வாய் வைக்கக் கூடாதுன்னு நீங்கதானம்மா மொத நாளே சொன்னீங்க," என்றாள். "நாய்க்கு மட்டும் வேற சட்டமா? விரலக் காட்டி ஒக்கார வெச்சுப் பழக்கினேன். இப்ப விரலே வேணாம், அய்யா கொரலே போதும்."

வேலைக்கு வந்த முதல் நாள் கண்டிப்பாகச் சொன்னது நான்தான். அவளுக்காகச் சொன்னேன். அவள் வீடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டாள். என் கைமணம் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டேனே, அது இவருடைய தொண்டை.

இவரிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போதே பயமாக இருந்தது. இன்னொருத்தர் பங்களாவில், மாமிசம் புழங்குகிற வீட்டில், ஒரு நாய்க்கு முன்னால் பாசுரம் சேவிக்க வாருங்கள் என்று எந்தப் பெண்டாட்டி கேட்பாள்? பூமாவுக்குத் தெரிந்தால் மேல்கோட்டையையே கூட்டிவிடுவாள். இவர் திருமண்ணைக் கண்ணாடியில் சரிபார்த்தார். ஆபீசுக்குப் போட்டுக்கொள்ளும் கோட்டை எடுத்து மாட்டினார். சரி, ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

"பெருமாளுக்குச் சொன்னதை அதுவும் ஆறு வாரம் கேட்டிருக்கு. கேட்டதுக்காகப் பட்டினி கிடக்கறது," என்றார். "வா, போகலாம்."

இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அந்த மனுஷரைப் பார்த்து நான் அவ்வளவு கர்வப்பட்டதில்லை. ஆபீசுக்கு அரை நாள் லீவு எழுதி அனுப்பினார், முதல் லீவு.

யாதவகிரியில் டிங்கி கூடத்து மூலையில் சுருண்டு கிடந்தது. அதன் முன்னால் இரண்டு கிண்ணம், ஒன்றில் நான் கொண்டுபோன தயிர்சாதம், இன்னொன்றில் பொன்னவ்வா வைத்திருந்த கோழி ரசம். பொன்னவ்வாவிடம் விஷயத்தைச் சொன்னேன். என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். சமையல்காரனும் டிரைவரும் கதவோரம் வந்து நின்றார்கள். இவர் கோழி ரசத்தைப் பார்த்தார், கண்ணை மூடினார், கிண்ணங்களுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து நின்றுகொண்டார். ஆரம்பித்தார்.

அந்தப் பெரிய கூடத்தில் அந்தக் குரல் எப்படி எதிரொலித்தது என்கிறீர்கள். டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டான். ஆனால் முதல் அடியிலேயே டிங்கியின் காது நிமிர்ந்தது. இரண்டாவது அடியில் எழுந்தது, கால் தள்ளாடியது. கிண்ணத்துக்கு முன்னால் வந்து, என் பின்கட்டில் உட்காருவது போலவே ஒழுங்காக உட்கார்ந்தது. பொன்னவ்வா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இவர் ஒரு அடியையும் விடவில்லை, அவசரப்படவும் இல்லை. கடைசி அடி முடிந்ததும் நான் ஓடிப்போய் அலமாரிக் கதவு ஒன்றைத் திறந்து சாத்தினேன்.

டிங்கி குனிந்தது. நக்கி நக்கிச் சாப்பிட்டது, கிண்ணம் தரையில் நகர நகரக் கூடவே போய்ச் சாப்பிட்டது. பொன்னவ்வா அழுதுகொண்டே என் கையைப் பிடித்தார். டிரைவர் சிரிப்பை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்துக் கும்பிட்டான்.

அந்த வாரமே பொன்னவ்வா கடைசி அடியைக் கன்னட எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். குடகு நாக்கில் அது எப்படி வருகிறது என்று நான் சொல்ல மாட்டேன், டிங்கிக்குப் புரிகிறது. கிளப்பிலும் அவரே சொல்லியிருக்கிறார், ஸரஸாம்மா வீட்டு நாய்கள் பிரார்த்தனை முடியாமல் சாப்பிடாது என்று. சித்திரைக்கு மூன்று குடும்பம் வருவதாக இருந்தது, ஏழு குடும்பம் வந்து நின்றது. எங்கள் நாய்க்கும் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள் என்கிறார்கள். இவர் இப்போது வாசல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சேவிக்கிறார்.

ஒன்றுதான் பாக்கி. அன்றைக்கு யாதவகிரியில், முதுகைத் திருப்பாமலே இவர் என்னைக் கேட்டார்: "சாப்பிட்டுதா? உன் தயிர்சாதம்தானே?"

டிங்கி என் தயிர்சாதத்தை முகர்ந்துகூடப் பார்க்காமல் கோழி ரசத்தைக் கடைசிச் சொட்டு வரைக்கும் நக்கிக்கொண்டிருந்தது.

"பின்னே?" என்றேன். இன்றைக்கு வரைக்கும் அவர் நம்பியிருப்பது அப்படித்தான்.