தவுக்கேயைத் திட்டியவன்

நூற்றெண்பத்தாறு வெள்ளி நாற்பது காசு. எழுபத்தெட்டாம் ஆண்டு பழனியப்பன் எனக்குத் தரவேண்டியிருந்த இரண்டு மாதக் கூலி பாக்கி அது.

மலேசியாவில், ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாய் கல்மலையில் நாங்கள் லோரிக்குக் கல் ஏற்றினோம். ஆள் பிடிப்பதும் கூலி கொடுப்பதும் பழனியப்பன். கிழிந்த பனியனோடு பழைய சைக்கிளில் வருவான். தானும் கூலிக்காரன்தான், லோரியெல்லாம் ஈப்போவில் டயர் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கேயுடையது, அவன்தான் முதலாளி என்பான். கூலி தாமதமானால் எங்களுக்கு முந்தி அவனே தவுக்கேயைத் திட்ட ஆரம்பித்துவிடுவான். பாவம் என்று மத்தியானத்தில் எங்கள் சோற்றை அவன் பக்கம் தள்ளுவோம். என் மனைவி முத்தம்மா அவனுக்கென்றே ஒரு கரண்டி கூடப் போட்டு அனுப்புவாள்.

அந்த வருடம் நாங்கள் குடியிருந்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கோப்பெங்கில் ஒரு பலகை வீடு அமைந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நூற்றைம்பது வெள்ளி முன்பணம் கட்ட வேண்டும். பழனியப்பனிடம் கெஞ்சினேன். தவுக்கே கையை விரித்துவிட்டான் என்று சொல்லிக் கண் கலங்கினான்.

வியாழக்கிழமை வேலைக்குப் போகாமல் ஈப்போவுக்கு பஸ் ஏறினேன். தவுக்கேயின் காலில் விழுந்தாவது வாங்கிவிட வேண்டும். டயர் கடைச் சீனர் நான் சொன்னதைக் கேட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நாலு லோரியும் பழனியப்பனுடையதுதான், டயர் எடுத்தால் அன்றைக்கே ரொக்கம், அவனைப்போல் நாணயமான தவுக்கே இந்தப் பக்கத்தில் குறைவு என்று மலாயில் சொன்னார்.

மறுநாள் பழனியப்பன் வேலைக்கு வரவில்லை. வீடு வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை சோற்று நேரத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்தான். நாலு லோரியும் உன்னுடையதாமே என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். வாயில் இருந்ததை மென்று விழுங்கிய பிறகுதான் பேசினான்.

“வெளிய தெரிஞ்சா யாவாரம் வளருமா மாயாண்டி? சொந்தக்காரன் கடன் கேப்பான், கோயில்காரன் ரசீதோட வருவான், நீங்க கூலி கூடக் கேப்பீங்க. சத்தமில்லாம இருந்தாத்தான் ரெண்டு லோரி நாலு லோரி ஆகும் லா.”

என்னோடு கல் தூக்கும் அப்பாவு குறுக்கே பேசினான். அவனுக்கும் இரண்டு மாதம் பாக்கி.

“நம்ம ஆளு ஒருத்தன் தவுக்கேயா இருக்கான், பந்தாவே இல்ல பாரு. பெருமைப்படு மச்சான்.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நேற்றுவரை அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒருத்தன் அண்ணே என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

பழனியப்பன் இடுப்பிலிருந்து ஒரு பணக்கட்டை உருவினான். வேர்வையில் ஊறிய நோட்டுகள். எங்கள் சோற்றைத் தின்ற நாளெல்லாம் அது அங்கேயேதான் இருந்திருக்கும். எச்சில் கையாலேயே நூற்றெண்பத்தேழு வெள்ளி எண்ணி நீட்டினான்.

“மிச்சம் அறுபது காசுக்குத் தேத்தண்ணி குடி.”

என் சட்டைப் பையில் பஸ் காசு இருந்தது. அதிலிருந்து அறுபது காசை எடுத்து அவன் முன்னால் கல்லின் மேல் வைத்தேன்.

அவன் அதைப் பொறுக்கி இடுப்பில் முடிந்துகொண்டான். கணக்குத் தீர்ந்தது.